முகூர்த்தச் சேலையும் நீல ஒயரும்

இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடும் மணிமாறன் பெரிய புத்திசாலி. கேட்டால் அவனே சொல்வான். டிசைனை யாரும் பென்டிரைவில் சுட்டுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரின் ஓட்டைகளில் எம்-சீல் பசை வைத்து அடைத்தவன் அவன். கீபோர்டு, மவுஸைச் செருகி, அவற்றோடு சேர்த்தே பூசினான். இன்டர்நெட்டையும் பிடுங்கினான்.

திருடன் வரவில்லை. உள்ளே காற்றாடி நின்றுபோய் பெட்டி சூடேறிச் சூடேறி அணைந்தது.

அதற்குள்தான் தறிக்காரர் கைலாசத்தின் மகள் அகல்யாவுடைய முகூர்த்தச் சேலை டிசைன் மாட்டியிருந்தது. தறியில் பாவு ஏற்றிவிட்டு வந்து நின்றார் கைலாசம். இன்று ஓட்டினால்தான் கல்யாணத்துக்குச் சேலை.

"ஏஞ்சாமி, டிசைன் இருக்குதா, போயிருச்சா?"

"இருக்குதுங்க மாமா. என்னாலயே எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரமா இருக்குது."

பூச்சுக்குத் தப்பிய ஒரே ஓட்டை, நெட் ஒயர் செருகுவது. பழைய கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வாங்கிவைத்திருந்த புதியதையும் நேராகக் கோத்துவிட்டால் போதும், நடுவில் எவன் தயவும் வேண்டாம். ஒயர்? அண்ணாந்து பார்த்தான். ஸ்டூலில் ஏறி, கேமராவுக்குப் போன நீல ஒயரை உருவினான்.

"அது நான் உக்கார்ற நாற்காலியப் பாத்த கேமராதான?" என்றார் கைலாசம்.

"எல்லாரையும் பாக்கறதுக்குங்க மாமா." மணிமாறனுக்குக் காது சுட்டது.

"நாற்காலி ஒண்ணுதான கெடக்குது?"

ஒயரின் இரு முனைகளையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் செருகினான். இரண்டுக்கும் அடுத்தடுத்த ஐ.பி. எண் கொடுத்து, ஃபோல்டரை ஷேர் செய்தான். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை. பழையதில் வெளியாள் நுழையாமல் ஃபயர்வாலைப் பூட்டிவைத்ததும் இந்தப் புத்திசாலிதான். அதை நிறுத்தினான். ஃபோல்டர் திறந்தது. பெட்டி அணைந்தது.

"வருமுங்க மாமா. பயப்படாதீங்க."

கைலாசம் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் தூக்கி, திறந்த வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். பெட்டி மறுபடி எழுந்தது.

"மொதல்ல அகல்யாளுது," என்றான் மணிமாறன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. புதுத் திரையில் முந்தி விரிந்தது, ஜோடி அன்னம், ஒரு இழை பிசகாமல்.

கைலாசம் மூக்கை உறிஞ்சினார். "தூசி," என்றார். பிறகு, "மிச்சமெல்லாம்?"

"ரொம்ப நேரமாகுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

"நீ போய்த் தறியில ஏத்து. ஃபேன நான் புடிச்சுக்கறேன், எல்லாம் வந்து சேரட்டும்."

பூட்டிப் பூட்டி வைத்த அத்தனை டிசைனும் திரையில் திறந்துகிடந்தன. மணிமாறன் அன்னத்தை மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு தறிக்குக் கிளம்பினான். ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தான். கைலாசம் ஃபேனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.