அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள்

அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து அவருடைய போனில் மறுபடியும் அழுத்தினாள் மகள். திறக்கவில்லை.

"ஈரத்துணியால துடைச்சுட்டு வெச்சுப் பாருக்கா," என்றான் தம்பி.

துடைத்தும் பார்த்தாயிற்று. விடியற்காலையில் உயிர் நின்றது அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ, அந்த விரலை ஏற்க மாட்டேன் என்றது. அப்பாவோடு பஸ் ஓட்டியவர்களின் எண்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவர்களுக்குச் சொல்லாமல் உடலை எடுக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். தம்பி டிப்போவில் கேட்டு வருவதாகக் கிளம்பினான்.

அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன நோய் என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது, குடல் புண் என்றுதான் நம்பினார், அந்த நிம்மதியோடு போய்விட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடையவில்லை.

அந்த நிம்மதி மகள் கட்டிக் காத்தது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். எதைத் தேடினால் எந்த விளம்பரம் யார் காலைச் சுற்றும் என்பது அவளுக்கு அத்துப்படி. புற்றுநோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் சட்டம் போட்டாள். அந்தப் பெயரை வீட்டு வைஃபையில் யாரும் தேடக் கூடாது, தேடினால் அப்பாவின் போனில் விளம்பரமாக வந்து நிற்கும். அப்பாவின் போனை அம்மா தொடவே கூடாது. தம்பி தெருமுனைக்குப் போய்த் தேடிவிட்டு, தேடியதை அழித்துவிட்டு வருவான். திருட்டு தம் அடிக்கப் போகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சிரித்தவன், சிரித்த வாயோடு அழுதான்.

கையிலிருந்த அப்பாவின் போன் அடித்தது. பேசுவதற்கு விரல் தேவைப்படவில்லை.

"ஐயா, நாளைக்கு வர்றீங்கல்ல? நீங்க கேட்ட ஜன்னலோரக் கட்டில் காலியாயிடுச்சு," என்றது ஒரு பெண் குரல்.

விஷயத்தைச் சொன்னாள். பிறகு அந்தப் பெண் தன்னை நர்ஸ் என்று சொல்லி, இல்லத்தின் பெயரையும் சொன்னாள். தீராத நோயாளிகளைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் இடம். போனில் விளம்பரம் பார்த்து அவரே கூப்பிட்டாராம்.

மகள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அவருக்கு என்ன நோய்னு தெரியுமா?"

"தெரியாமலா இங்க கூப்பிடுவாரு? பிள்ளைங்க பாடுபட்டு மறைக்கிறாங்க, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னு சொல்வாரு. ஃபிரண்டு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வர்றதா இருந்தாரும்மா."

அந்த இல்லத்தை அவளுக்குத் தெரியும். அந்த விளம்பரமே அவள் போட்டது. யாருக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் காப்பி குடித்தபடி தேர்ந்தெடுத்தாள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய் வருபவர்கள், வலி மாத்திரைகளின் பெயரைத் தேடியவர்கள். 'வலியை யாரிடமும் சொல்ல முடியவில்லையா? எங்களிடம் சொல்லுங்கள்' என்ற வரியும் அவளுடையதுதான். நல்ல வரி என்று மேனேஜர் பாராட்டினார். வீட்டில் எல்லோர் கையையும் கட்டிப்போட்டவள், அப்பாவே தன் மாத்திரையின் பெயரைத் தேடுவார் என்று நினைக்கவில்லை. ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நம் நடிப்பைப் பார்த்து அவரும் நடித்திருக்கிறார். சாப்பாட்டுக் காரம்தான் புண்ணுக்கு ஆகவில்லை என்று அம்மாவிடம் சண்டைகூடப் போட்டார்.

வெளியே வந்தாள்.

"யாரு போன்ல?" என்றாள் அம்மா.

"ராங் நம்பர்ம்மா."

"அவரோட நீலக்கோடு போட்ட சட்டைய எடுத்துட்டு வா. அதத்தான் போடணும். நாலு நாளா கண்ணுல படல."

பீரோவில் இல்லை. கொடியில் இல்லை. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். டிரைவர் வேலைக்கு எடுத்துப் போகும் பழைய பை, ஜிப் போட்டு தயாராக இருந்தது. உள்ளே துண்டு, சவரக் கத்தி, இரண்டு லுங்கி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சட்டை.

"எங்கடி இருந்துச்சு?"

"பீரோலதான்மா. துணிக்கு அடியில."

அம்மா சட்டையை வாங்கினாள். வீட்டில் துணி மடிப்பது எப்போதும் அவள்தான். இது கைகள் ஒரு பக்கம் பிதுங்க, கோணலாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மடியில் விரித்துப் போட்டு, கையால் நீவத் தொடங்கினாள்.