மேலே அனுப்பிய பெயர்

ஜினான் நகரத்தில், ஒரு காணொளி நிறுவனத்தின் ஆறாவது மாடியில் லான்யிங்குக்கு வேலை. ஜனங்கள் போடும் காணொளிகளைப் பார்த்து வடிகட்ட வேண்டும். திரையோரத்தில் மூன்று பொத்தான்கள்: விடு, நீக்கு, மேலே அனுப்பு. மூன்றாவதை அழுத்தினால் காணொளியும் நீங்கும், போட்டவரின் பெயரும் போலீசுக்குப் போய்விடும்.

அன்று காலையிலேயே மேலதிகாரி கெங் வந்து நின்றார். "வடக்க ஒரு ரசாயன ஆலையில தீ. புகை, அழுகை, எது வந்தாலும் தூக்கிடுங்க. செத்தவங்க கணக்கு சொல்றவங்களை மேல அனுப்புங்க. யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க."

அவள் யோசிக்கவில்லை. ஒன்றுக்கு நான்கு விநாடி. முகங்களைப் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள். கீழே ஓடும் எழுத்தை மட்டும் படிப்பாள்.

மதியம், வேலைக்கு வந்ததும் கைப்பேசியை வைத்துப் பூட்டும் பெட்டியைத் திறந்து எடுத்தால், பெரியம்மா மகள் சூசின் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். லான்யிங் திருப்பிக் கூப்பிட்டாள்.

"உங்க அத்தான் அந்த ஆலைக்குள்ள மாட்டிக்கிட்டாருடி. கேட்டைப் பூட்டி வச்சிருக்காங்க. முப்பத்தொரு பேரு செத்துட்டாங்கன்னு ஆலை வாச்மேன் ஹூ சொன்னாரு. அதை வீடியோவா போட்டேன், உடனே காணாமப் போச்சு. நீ அங்கதானே இருக்க, யாரு அதைத் தூக்குனதுன்னு கேட்டுச் சொல்லேன்."

லான்யிங் குரலைத் தாழ்த்தினாள். "எப்பக்கா போட்ட?"

"பத்து மணி இருக்கும். இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க."

இணைப்பு அறுந்தது.

இருக்கைக்கு ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தாள். பத்து மணி ஏழு நிமிடம். சூசின். மேலே அனுப்பப்பட்டது. பக்கத்தில் இவளுடைய ஊழியர் எண்.

'அக்கா, எதையும் ஒத்துக்காதே' என்று செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் கெங் அவளைச் சின்ன அறைக்கு அழைத்துப் போனார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. உள்ளே முன்பின் தெரியாத ஒருவர். மேஜைமேல் அவள் அனுப்பிய செய்தி, தாளில் அச்சிட்டபடி.

"உங்க அக்கா நல்லா இருக்காங்க," என்றார் அவர் மெதுவாக. "முப்பத்தொண்ணுன்னு அவங்களுக்குச் சொன்னது யாரு? அது மட்டும் தெரிஞ்சா போதும். அவங்க வீட்டுக்குப் போயிடலாம், நீங்க வேலைக்குப் போயிடலாம்."

ஹூ என்ற பெயர் அவள் நுனிநாக்கில் இருந்தது. நான்கு வருடத்தில் எத்தனை பெயர்களை அனுப்பியிருப்பாள், கணக்கே இல்லை.

"தெரியாது," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கெங்கைப் பார்த்து வெளியே போகச் சொல்லித் தலையசைத்தார்.

"அவசரமில்லம்மா. உக்காருங்க."

கெங் வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.