இடது பக்கத்து போல்ட்

என் ஷெட் வாசலில் அந்த வேன் வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் இறங்கியவர் என் அக்கா புருஷன். இரண்டு வருஷமாக என் முகத்தில் விழிக்காத மனிதர். பின்னாலேயே காலை இழுத்து இழுத்து வேன் டிரைவர் இறங்கினார். அந்தக் கால் என்னால்தான் உடைந்தது என்று ஊரே நம்புகிறது.

"இவன்கிட்டயா கூட்டிட்டு வந்தே?" என்று டிரைவர் எகிறினார். "இவன் கை என் வண்டி மேல படக்கூடாது. இன்னொரு காலும் போகணுமா எனக்கு?"

"கேஸ் டார்ச் இந்தத் தெருவுல இவன்கிட்டதான் இருக்கு. முன்சக்கரத்து ரப்பர் புஷ் மறுபடி மாத்தணும், இடது பக்கத்து போல்ட் கழல மாட்டேங்குது. வெட்டி எடுத்துக் குடுக்கட்டும், போயிடலாம்" என்றார் அத்தான். நலம் விசாரிப்பு கிடையாது, 'தம்பி' என்ற அழைப்பும் கிடையாது. வெறும் 'இவன்'.

நடந்தது இதுதான். அப்போது நான் அத்தான் ஷெட்டில் வேலை பார்த்தேன். இந்த வேனின் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம் இரண்டுக்கும் புஷ் மாற்றினோம். வலது பக்கம் நான், இடது பக்கம் அவர். மூன்றே மாதத்தில் இடது பக்கத்து போல்ட் ஒன்று கழன்று விழுந்து, வேன் சுவரில் மோதியது. "இடது பக்கம் என் மச்சினன் மாட்டினது" என்று அத்தான் வாய் கூசாமல் சொன்னார். அக்கா என்னை வீட்டுப் படி ஏறாதே என்றாள்.

வேனை லிஃப்டில் ஏற்றினேன். இடது பக்கம் அன்று விழாமல் மிச்சமிருந்த பழைய போல்ட்டின் தலையை அத்தான் மல்லுக்கட்டி மழுக்கி வைத்திருந்தார். துரு தோல் தோலாக உரிந்தது.

"பாத்துக்கிட்டே நிக்காதே. வெட்டு."

என்ன அவசரம் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்பானரை டிரைவரிடம் நீட்டினேன். "ரெண்டு பக்கமும் கழட்டணும்ல? வலது பக்கத்தை நீங்களே கழட்டுங்க."

"நக்கலா?"

"என் கை படக்கூடாதுன்னீங்களே!"

முறைத்தபடியே வாங்கினார். முதல் இழுப்புக்குத்தான் பலம் வேண்டியிருந்தது. அப்புறம் நட்டை விரலாலேயே சுற்றினார். போல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது, மரையெல்லாம் கறுத்த கிரீஸ்.

டிரைவர் விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கிரீஸ் தடவாமல் நான் எந்த போல்ட்டையும் மாட்ட மாட்டேன். "போல்ட்டுக்குப் பவுடர் பூசுறியே, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிரைவரும் கூடச் சிரித்தவர்தான்.

அவராகவே இடது பக்கம் போனார். நட்டில் ஸ்பானரை மாட்டி, பிடியில் குழாயைச் சொருகித் தொங்கினார். இம்மி அசையவில்லை. காய்ந்த துருதான் முகத்தில் கொட்டியது.

"ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே" என்றார். "இந்தப் பக்கம் யாருய்யா மாட்டினது?"

அத்தான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ரெண்டு வருஷமா இந்தப் பையனைச் சபிச்சுக்கிட்டுக் கெடந்தேனே!" டிரைவர் அத்தான் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். நான் விலக்கிவிடவில்லை. எதற்கு விலக்க வேண்டும்? பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது.

ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. என் போனை அத்தானிடம் நீட்டினேன். "அக்காகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அவ வாயால என்னை வீட்டுக்கு வாடான்னு கூப்பிடணும்."

அவர் போனைத் தொடவில்லை. "அவளுக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். அவதான், 'தம்பி தனி ஆளு, எங்க போனாலும் பொழச்சுக்குவான். ஷெட் பேரு கெட்டா நாம குடும்பத்தோட நடுத்தெருவுலதான் நிக்கணும். பழி அவன் மேலயே இருக்கட்டும்'னா."

டிரைவர் சட்டையை விட்டுவிட்டார்.

நான் டார்ச்சைப் பற்றவைத்தேன். நட்டு சிவக்கச் சிவக்கக் காட்டி, குழாயைப் போட்டு இழுத்தேன். கிறீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. புஷ் மாற்றி, புது போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக நானே முறுக்கினேன். டிரைவர் தடுக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் சொன்னேன்: "அக்காகிட்ட சொல்லிடுங்க. இடது பக்கம் இன்னைக்குத்தான் நான் மாட்டியிருக்கேன்."