‘ஏ ஷிஃப்ட்’ பாட்டின் வரலாறு

‘ஏ ஷிஃப்ட்’ என்ற பாட்டை யார், எந்த ஊரில், எந்த மொழியில் பாடினாலும், இரண்டாம் சரணம் முடிந்து மூன்றாவது தொடங்கும் இடத்தில் ஓர் ஆண் ஒருமுறை இருமுவான். 2024 ஆகஸ்ட் வரை அது சாம்சனின் இருமல். அதற்குப் பிறகு அது ஒரே ஆளுடையதாக இல்லை.

சாம்சன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடும் ஒரு ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தான். அவனுடைய நண்பன் பாக்கியராஜ் அதே ஷிஃப்டில் கம்பியைக் கட்டாகக் கட்டி அனுப்புகிறவன். இரண்டு பேரும் கவரைப்பேட்டை சர்ச்சில் கிட்டார் கற்றவர்கள். சத்தம் காதைக் கிழிக்கிறது என்று பாடகர் குழுவிலிருந்து ஒரே நாளில் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்து ‘துரு’ என்று ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். ஆட்கள் அந்த இரண்டு பேர்தான். கேட்பவர்கள் சாம்சனின் மனைவி மேரியும், எல்.கே.ஜி. படித்த மகள் ஏஞ்சலும். ‘ஏ ஷிஃப்ட்’ அவர்களுடைய ஒரே முழுப் பாட்டு. முணுமுணுப்பில் தொடங்கி, இரண்டு வரிக்கு ஒருமுறை இரும்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி வெடிக்கும். காதல் கிடையாது, எதுகை மோனை கிடையாது. ‘ஆறு மணிக்கு உள்ள போன ஆளு, ரெண்டு மணிக்கு வெளிய வர்ற ஆளு இல்ல’ என்பது அதன் பல்லவி. சாம்சன் அதை எழுதும்போது உடம்பு வலியைத்தான் நினைத்திருந்தான்.

ஆலையின் பின்பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில் நல்ல எதிரொலி இருந்தது. பாட்டை அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்று சாம்சன் பிடிவாதம் பிடித்தான். ஷிஃப்ட் முடிந்தபின் உள்ளே தங்க அனுமதி இல்லை. ஆகவே 2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாலு நிமிடத்துக்குப் பாக்கியராஜ் தன் வருகைக் கார்டோடு சாம்சனின் கார்டையும் மெஷினில் செருகி ‘அவுட்’ அடித்தான். ஒருவர் கார்டை இன்னொருவர் அடிப்பது அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கொடுப்பது போன்ற உதவி. மாட்டினால் வேலை போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மூன்று மணி டீ நேரத்தில், வாட்ச்மேன் சடையப்பன் அசரும்போது சாம்சன் நழுவிவிடுவதாக ஏற்பாடு. அவன் வரவில்லை.

மறுநாள் காலை பாக்கியராஜ் ஷெட்டுக்குப் போனபோது கிட்டாரும் போனும் ஒரு கேபிள் உருளைமேல் இருந்தன. போனில் பாட்டு பதிவாகியிருந்தது. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில் ஓர் இருமல். அதன்பிறகு குரலும் இல்லை, கிட்டாரும் இல்லை, பேட்டரி தீரும்வரை ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அந்த ஷெட்டில் மின்விசிறி கிடையாது. பாக்கியராஜ் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன்.

கம்பெனி கார்டைக் காட்டியது. ஆள் 2.04க்கு வெளியே போய்விட்டான். போலீசும் அதையே எழுதிக்கொண்டு வெளியே தேடியது. எளாவூர் செக்போஸ்ட்டில் அவன் ஆந்திரா லாரியில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பெரியபாளையத்தில் மொட்டைத் தலையோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் பக்கத்தில் ஒரு பெண்ணையும் சேர்த்துப் பார்த்தார்கள். உள்ளே தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, வெளியே போன ஆளை உள்ளே ஏன் தேடுவது? மேரி மட்டும் தினமும் சொன்னாள்: “அவரு வர்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஓடிப்போய்ட்டாருன்னு எவனும் சொல்லக் கூடாது.” பள்ளிக்கூடத்தில் ஏஞ்சலிடம் அதைத்தான் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து, நிஜமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல மேரியிடம் ஒரு சாட்சியும் இல்லை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் அவள் அந்தச் சாட்சிக்காகத்தான் காத்திருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து, மனசு உறுத்தியதாலோ என்னவோ, பாக்கியராஜ் மிச்சப் பாட்டைத் தானே பாடிச் சேர்த்து யூடியூபில் போட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அவர்களில் பூமிகா என்ற கல்லூரி மாணவி 2018இல் கலைவிழா மேடையில் அதைப் பாடினாள். அடுத்தவர் பாட்டைத் தன் குரலில் பாடுவதைக் கவர் என்பார்கள், இது முதலாவது. சரணம் முடிந்ததும் ஸ்பீக்கர் இருமியது. மைக்செட்காரரைத் திட்டிவிட்டு மறந்துபோனார்கள். அடுத்த வருஷம் சென்னையில் ஒரு பேண்ட் பாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கி ஸ்டூடியோவில் பதிந்தது. ஒலிப்பதிவாளர் இருமலை மூன்று முறை வெட்டினார், மூன்று முறையும் அது திரும்ப வந்தது. மூன்றாம் முறை இருமலுக்குப் பின்னால் இரும்புத் தகட்டின்மேல் யாரோ நடந்து வரும் சத்தமும் சேர்ந்திருந்தது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். நாலு லட்சம் பேர் கேட்டார்கள். 2020இல் சூளூர்பேட்டைப் பையன்கள் தெலுங்கில் பாடினார்கள். இருமல், நடை, அதற்குப் பிறகு தெலுங்குக்கு நடுவே சுத்தமான கவரைப்பேட்டைத் தமிழில் ஒரு கேள்வி: “ஏஞ்சலு ஸ்கூல்ல இருந்து வந்துட்சா?”

மேரி அதைக் கேட்ட அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சாயங்காலம் வரை “வந்துட்சி, வந்துட்சி” என்று போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுமுதல் அந்தப் பாட்டை யார் பாடினாலும் தேடிப் பிடித்துக் கேட்டாள். நாலு வருஷம் கேள்விக்கு மேல் எதுவும் வரவில்லை. 2024 ஜூலையில் ஷில்லாங்கில் ஒரு பெண் தன் படுக்கையறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பாடினாள். அதில் கேள்விக்குப் பிறகு ஒரு இரும்புக் கேட்டை உலுக்கும் சத்தம் வந்தது. அதற்கும் பிறகு இரண்டு குரல்கள்.

“கேட்ட தொறண்ணா. ஊட்டுக்குப் போவணும்.”

“உன் கார்டு அவுட்டு ஆயிட்ச்சி நைனா. ரெண்டு தபா அவுட் போட முடியாது. ரிலீவர் வந்தா உட்றேன்.”

இரண்டாவது குரல் சடையப்பனுடையது. அவர் ஓய்வு பெற்றுப் பெரியபாளையத்தில் கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருந்தார். மேரி போனைக் கொடுத்ததும் இரண்டு முறை கேட்டார். “நான் இப்டி சொல்லவே இல்லமா,” என்றார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஆனா கேட்டிருந்தா இப்டிதான் சொல்லிருப்பேன்,” என்றார். உருக்காலையில் உலை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் நிற்கக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்றால்தான் முந்தைய ஆள் கிளம்பலாம். அது அவர் போட்ட சட்டம் இல்லை.

மேரி நேராகப் பாக்கியராஜிடம் போனாள். கார்டை அடித்தது யார் என்று அவள் கேட்கக்கூட இல்லை, முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷமாகக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் தரையில் உட்கார்ந்து அழுதான். “நான்தான் அண்ணி அடிச்சேன். வேல பூடும்னு பயந்துக்கினு வாயே தொறக்கல.” மேரி அவனைத் திட்டவில்லை. உள்ளுக்குள் கொதித்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் இறங்கியிருந்தது. அவர் ஓடவில்லை. உள்ளேதான் இருக்கிறார்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, சர்ச் முடிந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேரியின் வீட்டில் ஏழாவது கவர் நடந்தது. மேரி பாடினாள், பாக்கியராஜ் பேஸ் கிட்டார் வாசித்தான். சாட்சியாக வந்த சடையப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இருமல் வந்தது. நடை வந்தது. கேள்வி வந்தது. கேட் குலுங்கியது. சடையப்பன் வாயை இறுக மூடியிருக்க, அவர் குரல் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ரிலீவரைக் கேட்டது. பாக்கியராஜ் வாசிப்பை நிறுத்தாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து, “அண்ணே, அந்தக் கார்ட அடிச்சது நான். நானே ரிலீவர் வரேன். அவர உடு,” என்றான். கிட்டார் பாயில் விழுந்தது. தோள்வாரின் கொக்கி போட்டபடியே இருந்தது. வாருக்குள் ஆள் இல்லை. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் மேரி பாட்டைக் கடைசி வரை பாடி முடித்தாள்.

சிப்காட் கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துச் சாம்சன் வந்தான். அதே நீலச் சட்டை, அதே இருபத்தொன்பது வயது. சாப்பாட்டுக் கேரியரில் மிச்சமிருந்த தயிர்சாதம் புளிக்கக்கூட இல்லை. “இன்னா மேரி, காலைல நல்லாதான இருந்த, இப்டி எளச்சிட்ட?” என்றான். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, “குடிங்க அங்கிள்,” என்றாள். அவன் குடித்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

“ஏஞ்சலு ஸ்கூல்ல இருந்து வந்துட்சா?”

“வந்துட்சி,” என்றாள் மேரி. “இப்பதான் உனக்குத் தண்ணி குட்த்துச்சு.”

அன்றிரவு முழுக்க நடந்ததைச் சொன்னார்கள். பாக்கியராஜ்மீது அவனுக்குக் கோபமே வரவில்லை. அடுத்த ஞாயிறு தான் உள்ளே போகப்போவதாகச் சொன்னான். மேரி கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷம் நான் பட்டது போதாதா என்று அழுதாள். “போதும்தான். ஆனா ரிலீவர் போவலன்னா அவன் எப்டி ஊட்டுக்கு வருவான் மேரி?” என்று அவன் கேட்டதை அந்த ஊரில் யாரும் தப்பென்று சொல்ல முடியாது. எல்லோரும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்.

ஆகவே இப்போது முறை வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் சாம்சன், ஒரு வாரம் பாக்கியராஜ். காலண்டரில் சிவப்பு, பச்சை மையில் குறித்திருக்கிறது. உள்ளே எப்போதும் இரண்டு மணி பத்து நிமிடம்தான் என்றும், பசிக்காது, வியர்க்கும், எங்கோ மின்விசிறி சுற்றும், யார் போட்டது என்று தெரியாது என்றும் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். வெளியூரில் யாராவது திடீரென்று பாட்டைப் பாடிவிட்டால் நின்ற இடத்தில் ஆள் மாறிவிடும். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பேண்ட் பாடியதில் பாக்கியராஜ் சலூன் நாற்காலியிலிருந்து பாதி ஷேவிங்கோடு போனான். அதை ஓவர்டைமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுவது ஏஞ்சலின் வேலை. பாக்கியராஜ் உள்ளே போகும் வாரம், அப்பா எழுதிய வேகத்திலேயே பாடுகிறாள். மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில் இருமல் வந்துவிடும். அப்பா போகும் வாரம் அவர் அவளுக்கு எதிரே பாயில், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அந்த இடம் வர ஒன்பது நிமிடம் ஆகிறது. உள்ளே காத்திருக்கும் பாக்கியராஜ் இதுவரை ஏன் லேட் என்று கேட்டதில்லை.