வெண்டை மாதிரி ஒன்று

துணி உலர்த்தப் பின்பக்கம் போனபோதுதான் அவள் அதை முதலில் பார்த்தாள். குளியலறைத் தண்ணீர் வெளியே வந்து விழுகிற இடத்தில், சிமெண்ட் தரைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் உண்டு. அதில் யாரும் விதைக்காமல், யாரையும் கேட்காமல் ஒன்று முளைத்திருந்தது. ஏதோ புல் என்று விட்டுவிட்டாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் குறைந்து, இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மறுபடி நின்று பார்த்தபோது முழங்கால் உயரம் வந்திருந்தது. விரல் விரித்த கை மாதிரி இலைகள். தண்டெல்லாம் பொடி முடி.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தாள். "அதைப் பிடுங்கிப் போட்டுடும்மா. மதிலுக்குள்ள வேர் விட்டா கொத்தனாரைத்தான் கூப்பிடணும்."

"என்ன செடின்னு தெரிஞ்சுக்கிட்டுப் பிடுங்கிடறேங்க."

"பிடுங்கறதுக்குப் பேர் எதுக்கு?"

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் பிடுங்கவில்லை. கடை முதலாளி போனில் அவள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வெண்டை என்று அடித்துச் சொன்னார். கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் பருத்தி என்றார். அவர் அப்போது பழைய கண்ணாடியில்தான் இருந்தார். செடி பெயர் சொல்லும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிப் பார்த்தாள். அது காலையில் வெண்டை என்றது, மதியம் ஆமணக்கு என்றது, வெளிச்சம் மங்கியபின் பூசணி என்று சாதித்தது. சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். அது அவளுக்கு முதல் நாளிலேயே தெரியும்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். வாண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தது இவள்தான். "அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க" என்பாள் வாண்டு. எங்கேயோ தெருவோரத்தில் பறித்த இலையைக் கசக்கி உள்ளங்கையில் வைத்து, மோந்து பார்த்துச் சொல்லச் சொல்வாள். பத்துக்கு ஒன்பது இவள் தப்பாகத்தான் சொல்வாள். ஒரு நாளைக்கு அந்த வீட்டில் எத்தனை 'அண்ணி' விழும் என்று கணக்கே கிடையாது. அண்ணி ஊக்கு எங்கே, அண்ணி தலை பின்னிவிடுங்க, அண்ணி அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்.

புருஷனும் இவளும் அடித்துக்கொண்டு பிரியவில்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து, சாவி எங்கே, துணி எடுத்தாச்சா என்பதோடு நின்றுபோனது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கட்டில் அவனுக்கு, தையல் மெஷின் இவளுக்கு என்று எல்லாவற்றையும் முறையாகப் பிரித்தார்கள். நாத்தனாரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவள் தானாகவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். வேறெங்கே போவாள்? புருஷனை நினைத்து இவள் அழுதது கொஞ்ச நாள்தான். ஆனால் பஸ்ஸில் யாராவது யாரையாவது "அண்ணி" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

பிறகு அவன் மறுகல்யாணம் செய்துகொண்டான். நாத்தனாரின் வாட்ஸப் படத்தில்தான் இவளுக்கு அது தெரிந்தது. புதுப்பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள் வாண்டு. அந்த வார்த்தைக்கு வேறு சொந்தக்காரி வந்துவிட்டாள்.

'வாண்டு, நல்லா இருக்கியா' என்று எழுதி அழித்தாள். 'என்னை ஞாபகம் இருக்கா' என்று எழுதி, சீச்சீ என்று அதையும் அழித்தாள். கடைசியில் செடியின் படத்தைப் போட்டு, 'இது என்னன்னு தெரியுமா?' என்று மட்டும் அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாள் கடையில், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று யாருக்கோ கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'இலைக்குப் பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்க.'

'ங்க' இருந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. கூப்பிடும் சொல்தான் இல்லை. அதற்குப் பிறகு வந்த எதிலும் இல்லை. தண்டை லேசாகக் கீறிப் பாருங்க, பால் வருதா? வரவில்லை. வழவழன்னு இருக்கா? இருக்கு. 'வெண்டை ஜாதிதான். ஆனா வெண்டை இல்லைன்னு தோணுது. பூக்கட்டும்.'

பூக்கட்டும் என்றால் அதுவரை பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். இவளுக்கு மனசு கேட்கவில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றணும், வெயில் போதுமா என்று தெரிந்ததையே கேட்டு அனுப்பினாள். ஒற்றை வரிகளில் பதில் வந்தது. அந்த வரிகளுக்காக மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூத்தது. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், நடுவில் அரக்கு. இவள் யோசிக்கவே இல்லை, நேராகப் போனே பண்ணிவிட்டாள்.

"பூத்திருச்சு."

"சாயங்காலம் வரைக்கும்தான் இருக்கும். போட்டோவில சரியாத் தெரியாது" என்றாள் நாத்தனார். கூடவே, "விலாசம் அனுப்புங்க."

வருகிறவள் பின்பக்கம் போகப்போகிறாள். இருந்தும் இவள் படுக்கை விரிப்பை மாற்றினாள். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டபோது உடனே எழுந்து போகவில்லை. வெளியே நிற்கிறவள் கூப்பிட வேண்டுமே, என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று சுவரோரமாகக் காது கொடுத்து நின்றாள்.

"ஏங்க... வீட்டுல யாரு?"

மீட்டர் பார்க்க வந்தவர் கூப்பிடுகிற மாதிரி.

வாண்டு சதை போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். வலது காதுக் கொக்கி வளைந்து கண்ணாடி மூக்கில் சரிந்து கிடந்தது. வா என்று சொல்வதற்கு முன்பே இவள் கை நீண்டு அதைக் கழற்றிவிட்டது. பழக்கதோஷம். கைப்பையில் எப்போதும் கிடக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருகை இறுக்கி, கொக்கியை நிமிர்த்தினாள். கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவள், ஊக்கு கேட்டு வந்து நின்ற பெண்ணாகவே இருந்தாள்.

"எங்க வாங்கினே இதை? மூக்குல நிக்கவே இல்லையே. நான் கடையிலதானே இருக்கேன், வந்திருக்கலாம்ல?"

"எப்படி வர்றது?" என்றாள் நாத்தனார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே வழி கேட்கிற மாதிரி இருந்தது.

பின்பக்கம் போனதும் ஆளே மாறிவிட்டாள். செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூவைத் தொடாமல் கீழே குனிந்து பார்த்தாள், இலையைப் புரட்டினாள், இவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்டைத் தடவச் சொன்னாள். "கஸ்தூரி வெண்டைன்னு நினைக்கிறேன். காய் குட்டையா, முடி முடியா வரும். அது முத்திக் காயணும். விதையைத் தேய்ச்சா வாசனை வரும். அப்பதான் உறுதியாச் சொல்லலாம்."

"வாசனை வரலேன்னா?"

"வேற ஏதோன்னு அர்த்தம்."

மாடியில் வீட்டுக்காரம்மாவின் தலை தெரிந்தது. "யாரும்மா அது வந்திருக்கறது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் வாயைத் திறந்தாள். நாத்தனார் என்று இனிமேல் சொல்லலாமா?

"செடி பாக்க வந்தேங்க" என்றாள் நாத்தனார்.

"நல்லதாப் போச்சு. பிடுங்கிட்டுப் போயிடு."

தலை மறைந்தது. சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு பாதியில் நின்றது. நாத்தனார் மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "புதுசா வந்தவங்களும் நல்லவங்கதான். முதல்ல வாயில வரல. எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டாங்க. இப்ப அவங்களை அப்படித்தான் கூப்பிடறேன். அப்புறம் உங்களை என்னன்னு கூப்பிடறது? எத்தனையோ தடவை போனை எடுத்திருக்கேன். முதல் வார்த்தைக்கே வழியில்லாம கீழே வச்சிருக்கேன்."

"பேர் சொல்லிக் கூப்பிடேன்."

"உங்க பேரையா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு ஒருமுறை குவிந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டாள். "ஐயோ, வேண்டாம். யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும்."

இவள் அவள் தோளைத் தொட்டாள். "ஏதோ ஒண்ணு வரும். அவசரமில்லை."

வெயில் சாய்ந்ததும் பூ சுருங்கத் தொடங்கியது. காயைப் பறிக்காதீங்க, செடியிலேயே காயட்டும், வெடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நாத்தனார் கிளம்பினாள். கேட்டருகில் "வர்றேன்" என்றாள். அதற்குப் பின்னால் எதுவோ வருகிற மாதிரி வாய் திறந்தபடியே நின்றது. பிறகு தலையாட்டிவிட்டு நடந்தாள்.

பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். இவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செடியின் பொடி முடி ஒட்டி முன்கை அரித்தது. சொறிந்துகொண்டே பார்த்தாள். அங்கே, கம்பத்தடியில், பையைக் கால்களுக்கு நடுவே வைத்துவிட்டு, அவளும் முன்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பஸ் வந்து அவளை மறைத்தது.