வடகம் மிதித்த பக்தன்

சாமி கும்பிடப் போய்ப் பாவம் சம்பாதித்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடி ஏறினேன். எதிரே மலை பளிச்சென்று நின்றது. கண்ணை மூடி, கைகூப்பி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று என்னையே மூன்று சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் காலடியில் கொழகொழவென்றது. கீழ் வீட்டுக் கனகலதா விடியலிலேயே கிளறிப் பிழிந்து காயவைத்த கூழ் வடகம்! ஒன்றுவிடாமல் துவைத்திருந்தேன். காலைக் கழுவிக்கொண்டு பூனை மாதிரி இறங்கிவிட்டேன். சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

பத்து மணிக்குக் கனகலதா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். புனேவில் வேலைக்குச் சேரப்போகும் மகன் ஜினேஷுக்குக் கொடுத்தனுப்பப் போட்ட வடகமாம்.

என் மனைவி வள்ளி அந்த நிமிடமே நீதிபதியாகிவிட்டாள். அவளுக்குச் சந்தேகம் எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் அறிவுச்செல்வன் மேல். டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். பௌர்ணமிக்கு ஊரே மலை சுற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர். வள்ளியைப் பொறுத்தவரை அதுவே பாதிக் குற்றம்.

தட்டில் கற்பூரம் ஏற்றினாள். "மிதிக்கலைன்னு அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி ரூமைக் காலி பண்ணுங்க."

"நான் மிதிக்கலீங்க. ஆனா நம்பாத ஒண்ணு மேல சத்தியம் பண்ணா அதுதாங்க பொய்" என்றார் அவர்.

"பார்த்தீங்களா, பயப்படுறாரு!"

"வேணாம் வள்ளிக்கா, யார் மனசையும் நோகடிச்சு எனக்கு வடகம் வேணாம்" என்றார் கனகலதா. வள்ளி கேட்டால்தானே? என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க பண்ணிக் காட்டுங்க!"

மாட்டிக்கொண்டேன். ஆனால் என் மூளை இருக்கிறதே! 'கண்ணால் பார்த்து மிதிக்கவில்லை' என்று சத்தியம் செய்தால் போச்சு. கண் மூடித்தானே இருந்தது? அண்ணாமலையாரே வந்தாலும் தப்புச் சொல்ல முடியாது. கையை நீட்டினேன்.

அறிவுச்செல்வன் குறுக்கே வந்தார். "சார் கையைச் சுட்டுக்க வேணாங்க. வாயால இல்லைன்னு சொன்னாலே போதும், நான் நம்புறேன்."

போச்சுடா! சாமிக்கென்று தயார் செய்த பொய்யை இந்த மனுஷனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

"நான்தான் மிதிச்சேன்" என்றேன். சுற்றியதையும் சொன்னேன்.

கனகலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வள்ளி, "அப்போ நீங்க காலி பண்ணுங்க!" என்று கத்திவிட்டு அவளும் சிரித்தாள். தண்டனையாக மறுநாள் காலை புதுக் கூழ் கிளறும் வேலை எனக்கு வந்தது.

உதவிக்கு வந்த அறிவுச்செல்வனிடம் கேட்டேன். "என்னை எப்படிங்க நம்புனீங்க? நான் இல்லைன்னு சொல்லியிருந்தா உங்க ரூமே போயிருக்குமே?"

"டேங்க் மறைவுல பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன் சார். மூணு சுத்தையும் பார்த்தேன்."

"அட, அப்போவே சொல்லக் கூடாதா?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு தெரியும் சார். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."