யாரும் கேட்காத பிற்பாதி

1

எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எக்பர்ட் இதை என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்குக் கை அரிக்கும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில், தெருவில் இசைத்தட்டுப் போட்டு ஜனத்தை ஆடவைக்கிற அவருடைய சவுண்ட் சிஸ்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கியவன் நான். முதுகு போன பிறகுதான் பேனா பிடித்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட ஞாயிறு மதியம், ஷெர்னெட் குடையை மடக்கியபடி..."

வேண்டாம். அன்று மழையே இல்லை. கதைக்காரனுக்கு மழை ஓசிச் சோறு மாதிரி.

இரண்டாவது: கிளோவிஸ் என்ற பாடகன் எக்பர்ட்டின் உயிர் நண்பன். எக்பர்ட்டின் சவுண்டைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடி, நகல் இல்லாமல் ஒரே ஒரு இசைத்தட்டில் பதிந்து வெட்டிக் கொடுத்தான். இரண்டு சவுண்டுகள் மாறி மாறித் தட்டுப் போட்டு மோதுகிற போட்டியில், எதிராளியிடம் இல்லாத தட்டு இருப்பவன்தான் ராஜா. மறுமாதம் கிளோவிஸ் லாரி மோதிச் செத்தான். அவன் மகள் ஷெர்னெட்டுக்கு அப்போது ஒரு வயது.

(இந்த வகைத் தட்டின் மேல்பூச்சு மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு முறையும் ஊசி குரலைக் கொஞ்சம் தின்னும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் போட்டோம்.)

3

எக்பர்ட்டைக் கல்நெஞ்சராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கிளோவிஸ் முதல் வரி பாடியதும் ஜனம் தகர வேலியை அடித்து, "திருப்பு! திருப்பு!" என்று கத்தும். ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போட வேண்டும்; அதுதான் பாடகனுக்குச் செய்கிற மரியாதை. மூன்று தடவை திருப்பிவிட்டு, முதல் சரணத்தோடு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். ஐந்து வருடம் இப்படியே ஜெயித்தோம். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைசியில் இரைச்சல்தான் மிஞ்சியது. எக்பர்ட் தட்டை உறையில் போட்டு மூடிவிட்டார்.

4

ஷெர்னெட்டுக்கு இப்போது இருபத்து நாலு வயது. மருந்துக்கடையில் வேலை.

"அங்கிள், அப்பா குரல் உங்ககிட்டதான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

"இருந்துச்சும்மா. போட்டுப் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

"பரவால்ல, போடுங்க. இரைச்சலாவது கேட்டுட்டுப் போறேன்."

போட்டார். மீன் பொரிகிற சத்தம். எக்பர்ட் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிகிற இடத்தில் இரைச்சல் விலகியது. கிளோவிஸ் பாடினான், கண்ணாடி மாதிரித் தெளிவாக. அதற்கு மேல் ஊசி ஒரு நாளும் போனதில்லை.

உயிர் நண்பனின் பாட்டைத் தான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. (தட்டு வெட்டிய அன்று? வெளியே பெட்டிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாராம்.)

5

முடிவு அ: கிளோவிஸ் மகளின் பெயரைப் பாடுகிறான். அவள் அழுகிறாள். சினிமா.

முடிவு ஆ: கடைசிவரை சவுண்டின் புகழ்ச்சிதான், மகளைப் பற்றி ஒரு சொல்லும்...

இதை எழுத மனம் வரவில்லை.

முடிவு இ: நானே நாலு வரிப் பாட்டுக் கட்டினேன். அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குரல் தெளிந்ததும், பழக்க தோஷம், எக்பர்ட்டின் கை ஊசியைத் தூக்கப் போனது. ஷெர்னெட் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அங்கிள். அவர் பாடி முடிக்கட்டும்."

கிளோவிஸ் பாடி முடித்தான். என்ன பாடினான் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே கத்தி அவனை நிறுத்தியவன் நான். மிச்சத்தை எழுத எனக்கு அருகதை இல்லை.